பச்சை காட்டிய படம்

"என் வகுப்பு பேசவே மாட்டேங்குது, டீச்சர்."

சொன்னவர் அருமைநாயகம். உயிரியல் ஆசிரியர். ஓய்வு பெறச் சில வருடங்களே பாக்கி.

கேட்டுக்கொண்டிருந்தவர் ரஹ்மத் நிஷா. பக்கத்து ஊர் அரசுப் பள்ளியின் அறிவியல் ஆசிரியை. அவரைவிட மிகவும் இளையவர்.

நிஷாவின் வகுப்புக்கு இணையத்தில் ஒரு வலைப்பூ இருந்தது. அதில் பிள்ளைகள் டீச்சரோடு சண்டை போடுகிறார்கள் என்று ஆசிரியர்கள் கூட்டத்தில் பேச்சு. சிலர் குறையாகச் சொன்னார்கள். அருமைநாயகத்துக்கு ஆசையாக இருந்தது. அதனால்தான் பஸ் ஏறி வந்திருந்தார்.

"சுத்தமா பேசறதே இல்லையா, சார்?"

"கேட்டா பதில் வரும். கேள்வி வராது. புரியுதான்னு கேட்டா, எல்லாரும் சேர்ந்து 'புரியுது சார்'ம்பாங்க. பரீட்சைத் தாளைப் பார்த்தா ஒண்ணும் புரிஞ்சிருக்காது."



"எனக்கு பீரியட் ஆரம்பிக்குது. கூட வர்றீங்களா?" என்றார் நிஷா.

அருமைநாயகம் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

சுவரில் ஓர் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. புரொஜெக்டரிலிருந்து விழுந்த படம். ஒரு மாணவி எழுந்து போய் மவுஸைப் பிடித்து ஒரு புள்ளியை நகர்த்தினாள். இதயம் ஓட்டமாய் ஓடியது. வகுப்பே சிரித்தது.

"தூங்கும்போது எவ்வளவு மெதுவாகும், டீச்சர்?"

"நகர்த்திப் பாரு."

"மீனுக்கும் இப்படித்தானா?"

"யாரு பார்த்து எழுதப் போறீங்க?"

"நான், நான்" என்று கைகள்.

அந்த பீரியட் முழுவதும் நிஷா பேசியது கொஞ்சம்தான். அருமைநாயகம் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்ததும் கேட்டார். "இதை எங்கே வாங்கினீங்க?"

"வாங்கல சார். நெட்ல இலவசமா கிடைக்குது. நாமளே செய்யவும் செய்யலாம்."

நிஷா அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்து காட்டினார். ஒரு படம். கீழே பெயர்கள். பெயரை இழுத்து உரிய இடத்தில் வைக்க வேண்டும். சரியாக வைத்தால் பச்சை, தப்பாக வைத்தால் சிவப்பு. அதை வலைப்பூவில் எப்படி ஏற்றுவது என்றும் காட்டினார். பிள்ளைகள் எழுதும் கருத்துகள் முதலில் ஆசிரியருக்கு வரும். அவர் பார்த்து அனுமதித்தால்தான் மற்றவர்கள் கண்ணில் படும்.

அருமைநாயகத்தின் விரல்கள் தடுமாறின. நிஷா கை நீட்டி உதவவில்லை. அவராகக் கண்டுபிடிக்கும்வரை காத்திருந்தார்.

அந்த வார விடுமுறையை அருமைநாயகம் கணினி முன்னாலேயே கழித்தார். தன் வகுப்புக்கும் ஒரு வலைப்பூ தொடங்கினார். சாப்பாடு ஆறிப்போனது. அவர் மனைவி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை அவருடைய பத்தாம் வகுப்புக்கும் ஓர் இதயம் வந்தது; கீழே வலது அறைகள், இடது அறைகள் என்று பெயர்கள்.

அவர் வகுப்பில் அப்படியொரு சத்தத்தை யாரும் கேட்டதில்லை. "எனக்குப் பச்சை!" "எனக்கும் பச்சை!" பள்ளியில் விளையாடியவர்கள் வீட்டுக்குப் போய் அப்பா போனிலும் அம்மா போனிலும் விளையாடினார்கள். கருத்துகள் குவிந்தன.

சூப்பர் சார்.

செம சார்.

தலைமையாசிரியருக்குப் பெருமை தாங்கவில்லை. கல்வி அலுவலருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். "வியாழக்கிழமை வந்து பார்க்கிறேன்" என்றார் அந்த அம்மையார்.

செவ்வாய்க்கிழமை மாலை இன்னொரு கருத்து வந்தது. எழுதியவள் மரியபுஷ்பம். வகுப்பில் அவள் குரலை அருமைநாயகம் கேட்டதாகவே நினைவில்லை.

'சார், படத்தில் வலதும் இடதும் மாறியிருக்கிறதா? சரியாக வைத்தால் சிவப்பு வருகிறது. தப்பாக வைத்தால்தான் பச்சை வருகிறது.'

அவர் படத்தைத் திறந்து பார்த்தார்.

படத்திலிருக்கும் இதயம் நம்மைப் பார்த்தபடி இருக்கும். அதன் இடது, நமக்கு வலது. வருடக்கணக்காகக் கரும்பலகையில் வரைந்து அவரே சொல்லிக்கொடுத்ததுதான். புதுப் பொருள் கையில் கிடைத்த சந்தோஷத்தில் மாற்றி வைத்துவிட்டார்.

அப்புறம்தான் அது உறைத்தது. வகுப்பில் எல்லாருக்கும் பச்சை வந்திருக்கிறது. சிவப்பு வந்ததும் பெயரை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் நகர்த்தியிருக்கிறார்கள். பச்சை வந்ததும் கைதட்டியிருக்கிறார்கள்.



அவளுடைய கருத்தின் கீழே இரண்டு பொத்தான்கள் இருந்தன. வெளியிடு. நீக்கு.

மறுநாள் மதியம் அரை நாள் லீவு போட்டுவிட்டு நிஷாவின் பள்ளிக்குப் போனார். வகுப்பு வாசலிலேயே அவரை நிறுத்தி விஷயத்தைச் சொன்னார்.

"நாளைக்கு மேடம் வர்றாங்க. படத்தைச் சத்தமில்லாம திருத்திடறேன். அந்தக் கருத்தை எடுத்துடறேன். அந்தப் பொண்ணைத் தனியாக் கூப்பிட்டுப் பாராட்டிடறேன். அது போதும்தானே, டீச்சர்?"

நிஷா அவரைப் பார்த்தார். பிறகு வகுப்பின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளைகளா, நம்ம வலைப்பூவுல நான் தப்பா எழுதினது ஏதாவது இருக்கா?"

வகுப்பு பொங்கி எழுந்தது.

"எந்தத் தப்பு டீச்சர்? நிலாத் தப்பா, தவளைத் தப்பா?"

"தவளைக்குப் பல்லே கிடையாதுன்னு எழுதிட்டாங்க சார்! மேல்தாடையில இருக்கு சார், குட்டிக்குட்டியா!"

"அதை நான்தான் முதல்ல கண்டுபிடிச்சேன்."

"பொய் சொல்லாதே. நான் உனக்கு முந்தியே எழுதிட்டேன். வேணும்னா நேரத்தைப் பாரு."

"சார், நிலாத் தப்பு இதைவிட நல்லா இருக்கும். அதைக் கேளுங்க சார்."

ஒருத்தி பேச்சை ஒருத்தி மறித்தாள். ஒருவன் பெஞ்சு மேலேயே ஏறிவிட்டான். நிஷா சுவரில் சாய்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

அருமைநாயகம் அவரைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். மறுபடியும் அவரைப் பார்த்தார்.

சத்தம் அடங்கியபோது நிஷா சொன்னார். "நீங்க கேட்டதுக்கு நான் இன்னும் பதில் சொல்லல, சார்."

"வேண்டாம் டீச்சர்."

அவர் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. போனை எடுத்து, வெளியிடு என்பதை அழுத்தினார். அதற்குக் கீழே எழுதினார்: 'நீ சொன்னது சரி, மரியபுஷ்பம். தப்பு என்னுடையது. படத்தை நான் தொடவில்லை. நாளை வகுப்பில் நீயே திருத்து.'

வியாழக்கிழமை கல்வி அலுவலர் வந்தார். வகுப்பறையிலேயே புரொஜெக்டர் வைத்திருந்தார்கள். அவரே ஆர்வமாக மவுஸைப் பிடித்து ஒரு பெயரை இழுத்து வைத்தார்.

சிவப்பு.

தலைமையாசிரியருக்கு முகம் வெளுத்துவிட்டது. "கனெக்‌ஷன் கோளாறா இருக்கும், மேடம்..."

"இல்லை மேடம்" என்றார் அருமைநாயகம். "என் கோளாறு. கீழே இருக்கிறதைப் படிங்க."

அலுவலர் படித்தார். நிதானமாக, இரண்டு கருத்துகளையும் படித்தார்.

"மரியபுஷ்பம் யாரு?"

அவள் எழுந்து நின்றாள்.

"எல்லாருக்கும் பச்சை வந்திருக்கு. உங்க சாரே செஞ்ச படம். நாமதான் தப்போன்னு உனக்குத் தோணலையாம்மா?"

"தோணுச்சு மேடம்."

"அப்புறம்?"

"எல்லாத்துக்கும் பச்சை வர்ற மாதிரி வெச்சுட்டு, அம்மா போனைத் திருப்பி என் நெஞ்சு மேல வெச்சுக்கிட்டேன், மேடம். படம் வெளியே தெரியற மாதிரி. வலதுன்னு எழுதினது எங்கே இருக்குன்னு தங்கச்சியைத் தொட்டுக் காட்டச் சொன்னேன்."

"எங்கே இருந்துச்சு?"

"என் இடது கைப் பக்கம்."

அலுவலர் தன் போனை எடுத்தார். அதில் அந்தப் படத்தைத் திறந்து, பச்சை வரும்படி பெயர்களை வைத்தார். மெல்லத் திருப்பித் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். தலைமையாசிரியர் எதிரே போய் நின்று, விரல் நீட்டி ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார்.

அப்போது ஜன்னலோர பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"சார், அப்போ கண்ணாடி முன்னாடி நின்னா?"

"மாறாதுடி."

"மாறும்."

"எழுத்துதான் மாறும். இதயம் எப்படி மாறும்?"

"சார், நீங்க சொல்லுங்க சார்!"

அருமைநாயகம் சொல்வதற்கு வாயைத் திறந்தார்.

மூடிக்கொண்டார்.

கரும்பலகையை விட்டு விலகி வந்து, கேட்டவளிடம் சாக்பீஸை நீட்டினார்.