மீசையப்பன் படகு கட்டிய கழி

கடலோரமாக ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. அதை ஓட்டியவன் மீசையப்பன் என்ற நீர்நாய். பாய்மரத்தின் உச்சியில் கரியன் என்ற காகம் உட்கார்ந்திருந்தது. படகின் நடுவில் கால்களை மடக்கிப் படுத்திருந்தாள் செவலி என்ற ஆடு. அவள் நிறைசினை. இன்றைக்கோ நாளைக்கோ குட்டி போட வேண்டியவள்.

அவர்கள் இருந்த தீவில் ஊற்றுநீர் உப்பாகிவிட்டது. தெற்கே ஒரு கரையில் புல்லும் நல்ல தண்ணீரும் இருப்பதாகக் கேள்விப்பட்டுக் கிளம்பிவிட்டார்கள். படகு ஓட்டுவதில் மீசையப்பன் கெட்டிக்காரன்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒன்று. 'மாலுமி ஐயா' என்று யாராவது கூப்பிட்டுவிட்டால் போதும், ஆள் அப்படியே உருகிவிடுவான். மரியாதை ஒரு பிடி குறைந்தாலோ, மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்!

அன்று காலையிலேயே கிழக்கு வானம் கறுத்துவிட்டது. காற்று பாயைப் பிடித்து உலுக்கியது. செவலி மெல்ல முனகினாள்.

"மீசை, வயிறு இறுகுது. இப்படி ஆடுற படகுல நான் குட்டி போட முடியாது. எங்கேயாவது கரை ஒதுங்கு!"

"பயப்படாதே செவலி! நானிருக்கேன்ல!" என்றான் மீசையப்பன். அவனுக்கும் உள்ளுக்குள் உதறல்தான்.

சற்றுத் தூரத்தில் ஒரு பாறைத் துறை தெரிந்தது. அதன் வாய் மிகவும் குறுகல். இரண்டு பக்கமும் அலை மோதி வெள்ளை வெள்ளையாகச் சிதறியது. வாயிலில் ஒரு கல்லின் மேல் கிழட்டு நண்டு ஒன்று காவல் இருந்தது.

"நில்லு! யாரு நீ? எங்கேருந்து வர்றே? உன் படகு தண்ணிக்குள்ள எவ்வளவு இறங்கும்? நங்கூரக் கயிறு எவ்வளவு நீளம்? அறுந்த கயிறு, ஒட்டுப் போட்ட கயிறுன்னா இப்பவே சொல்லிடு!"

மீசையப்பனின் மீசை விறைத்தது. "உயிர் போற நேரத்துல இந்த நண்டுப்பய விசாரணை நடத்துறான் பாரு! திருடனைக் கேக்கற மாதிரி கேக்கறான்!"

"கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு உள்ளே போயிடுவோமே," என்று கெஞ்சினாள் செவலி.

"முடியாது! மதியாதார் வாசலை மிதிக்காதேன்னு சும்மாவா சொன்னாங்க?"

சொன்னவன் சுக்கானைத் திருப்பிவிட்டான். "அடேய், ஆழம் தெரியாம உன்னை உள்ளே விட்டா பாறை கிழிச்சிடுமேடா! அதுக்குத்தானே கேட்டேன்!" என்று நண்டு கத்தியது. காற்றுச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் ஒரு கழி, கடல்நீர் நிலத்துக்குள் புகுந்து நிற்கும் இடம். அகன்ற வாய், அலையே இல்லை. இரண்டு கரையிலும் கண்டல் மரங்கள் தண்ணீருக்குள் கிளைகளை நனைத்தபடி நின்றன. கரையில் மூன்று நரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"நரி! மீசை, நரி!" செவலி பின்வாங்கிப் படகின் பலகையோடு ஒட்டிக்கொண்டாள்.

நடுவில் இருந்த நரியின் பெயர் நயமொழி. அது எழுந்து தலை தாழ்த்தியது. "வரணும், வரணும், மாலுமி ஐயா! இந்தக் காற்றுல படகைக் கொண்டு வந்திருக்கீங்களே, என்ன திறமை! ஆடம்மாவுக்குப் பயம் வேண்டாம். நீங்க கரைக்கே வர வேண்டியதில்லை. அதோ, கழி நடுவுல ஒத்தை மரம் நிக்குதே, அதுல கட்டிக்குங்க. சுத்தித் தண்ணி. எங்களுக்கு நீந்தத் தெரியாது!"

மீசையப்பன் உச்சி குளிர்ந்து போனான். "கேட்டியா செவலி? பேச்சுன்னா இது பேச்சு!"

கரியன் மேலேயிருந்து குரல் கொடுத்தது. "இவ்வளவு பெரிய கழியில ஒரு படகுகூட இல்லையே, ஏன்?"

"இந்தத் தண்ணி இப்படியே நிக்குமா, வடியுமான்னு ஒரு வார்த்தை கேளு மீசை," என்றாள் செவலி.

"சும்மா இருங்க ரெண்டு பேரும்! வாய் நிறைய வாங்கன்னு கூப்பிடுறவங்களைப் போய்க் குறுக்கு விசாரணை பண்ணுவாங்களா? அவங்க என்ன நினைப்பாங்க?"

அவன் வளர்ந்த தீவைச் சுற்றி ஆழக் கடல். அங்கே நீர் ஏறினாலும் இறங்கினாலும் படகு தரை தட்டியதே இல்லை. அதனால் அவனுக்கு அந்தக் கேள்வி ஒரு கேள்வியாகவே படவில்லை. ஒற்றை மரத்தில் படகை இறுக்கக் கட்டினான். காற்றோடு போராடிய களைப்பு. படுத்தவுடன் தூங்கிப் போனான்.

படகு ஒருபக்கமாகச் சாய்ந்தபோதுதான் விழித்தான். உருண்டு போய்ப் பலகையில் மோதினான். காற்று ஓய்ந்திருந்தது. வெயில் அடித்தது. எழுந்து எட்டிப் பார்த்தான்.

தண்ணீரைக் காணோம்! படகைச் சுற்றி வெறும் சேறு. கரையோரத்தில் இருந்த நரிகள் இப்போது கரையில் இல்லை. தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க, அவை ஒவ்வொரு அடியாக முன்னால் வந்து வந்து உட்கார்ந்திருந்தன. அவசரப்படவில்லை. சத்தமும் போடவில்லை. படகையே பார்த்துக்கொண்டிருந்தன.

கரியன் கீழே இறங்கி அவன் காதில் சொன்னது. "அந்தப் பக்கம் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணி ஓடுது. நீ அதுல நழுவிக் கடலுக்குப் போயிடலாம். நான் பறந்துடுவேன்."

"செவலி?"

கரியன் அலகைச் சிறகுக்குள் செருகிக்கொண்டது.

செவலியைத் திரும்பிப் பார்த்தான். அவளுக்கு வலி கண்டுவிட்டது. கத்தினால் நரிகளுக்குத் தெரிந்துவிடுமே என்று பாய்க்கயிற்றை வாயில் கவ்விக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்களில் நீர் வழிந்தது. மீசையப்பனுக்கு ஓடிவிடத்தான் ஆசை. பொய் என்ன, கால்கள் தாமாகவே அந்த வாய்க்கால் பக்கம் திரும்பின. ஆனால் அவளை இங்கே கொண்டுவந்து கட்டியது யார்? வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. அவன் நகரவில்லை.

"நீர் எப்போ திரும்பும்? மேலே போய்ப் பார்த்துச் சொல்லு," என்று கரியனை அனுப்பினான்.

நரிகள் படகருகே வந்துவிட்டன. நயமொழி பல்லைக் காட்டியது. "மாலுமி ஐயா, நல்லாத் தூங்கினீங்களா? இறங்கி ஓடிடுங்க. எங்களுக்கு ஆடம்மா போதும்."

மீசையப்பன் செவலிக்கு முன்னால் வந்து நின்றான். இதுவரை கேட்காதவன், இப்போது கேட்டான்.

"கொல்லுறதுன்னா கொல்லுங்க. ஆனா நான் உங்கள்ல யாரோட விருந்தாளி? அதைச் சொல்லுங்க!"

"கூப்பிட்டது நான்! அப்ப என் விருந்தாளிதான்," என்றது நயமொழி.

"படகை முதல்ல பார்த்தது நான்!" என்றது காது கிழிந்த நரி.

"நடு மரத்துல கட்டச் சொல்லுன்னு யோசனை கொடுத்தது யாரு? நான்தானே!" என்று நொண்டி நரி உறுமியது.

"அப்போ ஆட்டு ஈரல் யாருக்கு?" என்று கேட்டான் மீசையப்பன்.

செவலியின் உடம்பு ஒருதரம் தூக்கிப்போட்டது. மீசையப்பன் அவள் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்தால் அழுதுவிடுவான்.

"எனக்கு!" என்று மூன்றும் சேர்ந்து கத்தின.

"தொடை ரெண்டுதானே இருக்கு? மூணாவது ஆளுக்கு என்ன? போன தடவை யாருக்குக் குறைஞ்சுது?"

அவ்வளவுதான்! பழைய கணக்கெல்லாம் கிளம்பிவிட்டது. "போன தடவை வாத்துல எனக்கு வெறும் இறக்கைதானே கொடுத்தே!" என்று நொண்டி நரி நயமொழியின் கழுத்தில் பாய்ந்தது. காது கிழிந்தது யாரைக் கடிப்பது என்று தெரியாமல் இரண்டையும் கடித்தது. சேறு பறந்தது. சண்டை தணியும் போலத் தெரிந்தபோதெல்லாம் மீசையப்பன் இன்னொரு கேள்வியைப் போட்டான். கேள்விகள் தீர்ந்துகொண்டே வந்தன.

மேலேயிருந்து கரியன் கத்தியது. "வருது! வருது!"

கழியின் வாயிலிருந்து நீர் சலசலவென்று உள்ளே ஓடி வந்தது. நரிகளின் பாதம் நனைந்தது. சண்டை மும்முரத்தில் அவை கவனிக்கவில்லை. முழங்கால் நனைந்தது. படகின் அடி லேசாக அசைந்தது.

அந்த நேரம் பார்த்து, படகுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் "ம்மே!" என்றது.

மூன்று நரிகளும் ஒரே சமயத்தில் திரும்பின. "குட்டி!" என்று அலறியபடி நயமொழி பாய்ந்து, முன்கால்கள் இரண்டையும் படகின் விளிம்பில் போட்டது. அதன் மூச்சு குட்டியின் மேல் பட்டது. மீசையப்பன் அதில் ஒரு காலைக் கவ்வினான். எலும்பில் பல் இறங்கும்வரை விடவில்லை. நயமொழி ஊளையிட்டுத் தண்ணீரில் விழுந்தது. அவன் ஓடிப்போய் மரத்தில் கட்டிய கயிற்றைக் கடித்து அறுத்தான். படகு நிமிர்ந்து மிதந்தது. நரிகள் கழுத்தளவு தண்ணீரில் தத்தளித்துக் கரையைப் பார்த்து ஓடின.

நீர் ஏறும் வேகத்தை எதிர்த்துத் துடுப்புப் போட்டுக் கழியை விட்டு வெளியே வந்தார்கள். கடல் அமைதியாக இருந்தது. செவலி குட்டியை நக்கிக்கொண்டிருந்தாள். அது எழுந்து நிற்கப் பார்த்து, விழுந்து, மறுபடியும் எழுந்தது.

மீசையப்பன் மெதுவாக அருகே போனான். "செவலி, உன்னைக் காப்பாத்திட்டேன் பார்த்தியா?" என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. "குட்டி நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்டான்.

செவலி தலை நிமிரவில்லை. "நல்லா இருக்கு," என்றாள். பிறகு சொன்னாள்: "மாலுமி ஐயான்னு கூப்பிட்டது உன்னை. ஆனா அதுங்க தின்ன வந்தது என்னை, மீசை."

மீசையப்பன் சுக்கானைப் பிடித்துப் படகைத் தெற்கே திருப்பினான்.

பிள்ளைகளே, பெரியவர்களே, கேட்டுக்கொள்ளுங்கள்: உன்னை நம்பி வந்தவர்களோடு ஓரிடத்தில் தங்கப் போகிறாய் என்றால், அங்கே உனக்கு என்ன மரியாதை என்று பார்க்காதே, அவர்களுக்கு என்ன ஆபத்து என்று கேட்டுவிட்டுத் தங்கு.