நைலான் பையின் மேல் பழி

மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் நஸ்ரினிடம் தொழில் கற்க வந்தபோது பரமானந்தத்துக்குத் தலை நரைத்திருந்தது. குருவைவிட மூத்த சிஷ்யர். மனிதருக்குக் கை நிதானம்தான். வாய்தான் எப்போதும் முந்திக்கொள்ளும்.

அன்று, பிறந்த குழந்தைகளுக்குச் சூடு கொடுக்கும் கருவியின் போர்டை ஆஸ்பத்திரி ஆயா லூர்துமேரி நைலான் பையில் போட்டுக் கொண்டுவந்தார். பரமானந்தம் போர்டுக்குக் கரண்ட் கொடுத்து, அதிலிருந்த ஐசி சிப்பின் கால்களை ஒவ்வொன்றாக மீட்டர் முனையால் தொட்டுப் பார்த்தார். முனை வழுக்கிப் பக்கத்துக் காலையும் சேர்த்துத் தொட்டது. சின்னப் பொறி ஒன்று பறந்தது. ஐசி போயே போய்விட்டது.

"என்ன சார் ஆச்சு?" என்றார் லூர்துமேரி.

"நைலான் பையிலயா இதைக் கொண்டாருவாங்க? உரசி உரசி ஸ்டேட்டிக் கரண்ட் ஏறியே ஐசி செத்துருக்கு. வரும்போதே செத்துதான் வந்துருக்கு."

"அய்யோ, பத்திரமாத்தானே சார் கொண்டாந்தேன்! என் வேலையே போயிருமே!"

லூர்துமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிரே இருந்த பஸ் ஸ்டாப்புக்குப் போனார்.

உள்ளே வேலையாக இருந்த நஸ்ரின் பேச்சைக் கேட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"அண்ணே, ஐசிக்கு சப்ளை வந்துச்சா?"

"வந்துச்சு மேடம்."

"உள்ள வர்ற சிக்னல்?"

"சரியா இருந்துச்சு."

"வெளிய போறது?"

"அதுவும் சரியாத்தான்..."

பரமானந்தம் நாக்கைக் கடித்துக்கொண்டார். செத்து வந்த ஐசியிலிருந்து சிக்னல் எப்படி வெளியே வரும்?

காது மடல் வரை சூடேறியது. அப்படியே பூமிக்குள் போய்விடலாமா என்றிருந்தது அவருக்கு. நஸ்ரின் நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. அவரோ போர்டைத் தன் பக்கம் இழுத்து, சால்டரிங் அயர்னைச் சூடாக்கினார்.

"கை வழுக்கிருச்சு மேடம். பயத்துல அந்தம்மா மேல போட்டுட்டேன்."

நஸ்ரின் செத்த ஐசியைக் கழற்றத் தொடங்கினார்.

"வெட்கமா இருக்கு. இதை எப்படிச் சரிபண்றது?"

"பழுது பிடிபடலைன்னா எங்கேருந்து தேட ஆரம்பிப்போம்?"

"கடைசியா எல்லாம் சரியா இருந்த இடத்துலேருந்து."

நஸ்ரின் ஜன்னல் வழியே, பஸ் ஸ்டாப்பில் நின்ற லூர்துமேரியைப் பார்த்தார்.

"ஐசியை நான் மாத்திக்கிறேன். நீங்க கிளம்புங்கண்ணே, பஸ் இன்னும் வரல."