காலியாகக் கிடந்த ஐந்து சதவீதம்

நம்பிக்கு ஐம்பதைத் தொடுகிற வயது. அவருக்கு கணினி சர்வர் வேலை கற்றுக்கொடுத்த ரஹ்மத்துக்கு முப்பதுதான். ஆனாலும் நம்பி வாய் நிறைய மேடம் என்றுதான் கூப்பிடுவார். குருவிடம் போய் வயசு பார்க்க முடியுமா?

அவர்கள் வேலை பார்த்த புற்றுநோய் மருத்துவமனையின் கோப்புகள் எல்லாம் சர்வரில் ஒரே வட்டில் கிடந்தன. அதில் ஐந்து சதவீதத்தை மட்டும் ரஹ்மத் யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்கி வைத்திருந்தார். சர்வர் நிர்வாகியாக நுழைகிறவர்தான் அங்கே எழுத முடியும்.

“யாருக்காக மேடம் அது சும்மா கிடக்குது?” என்று நம்பி ஒருநாள் கேட்டார்.

“கிடக்கட்டும் சார்,” என்றார் ரஹ்மத்.

ரஹ்மத் விடுப்பில் போன சமயம் பார்த்து வட்டு நிரம்பியது. ஸ்கேன் பிரிவிலிருந்து போன் மேல் போன். நம்பி ஒரு கட்டளையைத் தட்டி அந்த ஐந்து சதவீதத்தையும் எல்லாருக்கும் திறந்துவிட்டார். ஸ்கேன் டாக்டர் வந்து தோளில் தட்டிக்கொடுத்தார். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

வாரம் முடிவதற்குள் அதுவும் நிரம்பிவிட்டது. பழைய கோப்புகளைச் சுருக்கலாம் என்றால், சுருக்கியதை எழுதவும் கொஞ்சம் இடம் வேண்டுமே. இல்லை. ஸ்கேன் மேசையில் ஒரு நோயாளி படுத்திருக்க, எந்திரம் நின்றுவிட்டது. எதையாவது அழித்தே ஆக வேண்டும். தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் என்றொரு கோப்புறை கண்ணில் பட்டது. டெம்ப்தானே, யாருக்கு வேண்டும் என்று உள்ளே என்ன இருக்கிறதென்றுகூடப் பார்க்காமல் நம்பி அழித்தார்.

மறுநாள் பிலோமினா வந்தார். அவர் கணவர் சூசை மீன் ஏலம் கூறுகிறவர். புற்று வந்து குரல்வளையையே எடுத்தாயிற்று. எடுப்பதற்கு முன்னால் அவர் பேச்சைப் பதிவு செய்த மருத்துவமனைப் பேச்சுப் பயிற்சியாளர், எங்கே வைப்பதென்று தெரியாமல் டெம்ப்பில் போட்டு வைத்திருந்தார்.

“அவிய குரல இந்தப் பென்டிரைவுல போட்டுத் தாங்க சார். மவளப் பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்காவ. அவ வெளிநாட்டுல இருக்கா. கேக்கணும்னு அழுறா.”

டெம்ப்புக்கு யாரும் நகல் எடுப்பதில்லை என்று நம்பிக்குத் தெரியும். ஆனாலும் தேடினார். பிறகு கைகூப்பி உண்மையைச் சொன்னார்.

அந்த அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. பென்டிரைவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது நம்பிக்கு.

ரஹ்மத் திரும்பி வந்ததும் ஆன மட்டும் மீட்டுப் பார்த்தார். அந்தக் குரல் இருந்த இடத்தின் மேல் ஸ்கேன் படங்கள் ஏறிவிட்டன. ஒன்றும் மிஞ்சவில்லை.

அவர் கோபப்படவில்லை. புது வட்டு ஒன்றை மாட்டினார். குரல் பதிவுகளுக்கு ஒரு பகுதி, ஸ்கேனுக்கு ஒரு பகுதி என்று ஒன்றின் மேல் ஒன்று ஏறாதபடி பிரித்தார். காலியாக ஒதுக்க வேண்டியது எத்தனை சதவீதம் என்று எந்திரம் கேட்டதும், விசைப்பலகையை நம்பி பக்கம் நகர்த்தினார்.

நம்பி ஐந்து என்று தட்டினார்.

“அன்னைக்குக் கேட்டேன், நீங்க சொல்லலை. இது யாருக்காக மேடம்?”

“உங்களுக்காகத்தான் வெச்சிருந்தேன் சார். வட்டு நிரம்பினாலும், அழிக்கறதுக்கு முன்னாடி திறந்து பார்க்க நேரம் வேணுமே.”