ஆவுடையப்பன் குடைக்கு ஐந்து நட்சத்திரம்

அன்று மடத்துக்குள் நுழையும்போது ஆவுடையப்பன் செருப்பைக் கழற்ற மறந்துவிட்டார். கூடம் வரைக்கும் செருப்புக் காலோடு வந்து, உலகம்மை அவர் காலைப் பார்த்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பி ஓடினார். தலை முழுக்க நரைத்த மனுஷன், தென்காசிக் கடைத்தெருவில் பேர் சொன்னால் தெரிகிற வியாபாரி. சந்தோஷம் வந்துவிட்டால் வயதாவது ஒன்றாவது.

உலகம்மை அவருக்குக் குரு. ஆனால் வயதில் அவரைவிட நன்றாக இளையவர். முன்பு தபால் ஆபீசில் வேலை பார்த்தார், பிறகு சிற்றாற்றங்கரையில் இருக்கும் இந்தச் சின்ன மடத்துக்கு வந்து தங்கிவிட்டார். குரு சீடரை 'அண்ணாச்சி' என்பார், சீடர் குருவை 'அம்மா' என்பார். புதிதாகக் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் அது பழகிப்போன விஷயம். கடையில் எந்தப் பெரிய காரியம் செய்வதானாலும் ஆவுடையப்பன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவார். அம்மா சொன்னபடி நடப்பாரா என்பது வேறு கதை.

அன்றைய காரியம் குடை.

எத்தனையோ கம்பெனிக் குடைகளை விற்றவர் அவர். இந்த வருஷம்தான் சொந்தப் பெயரில் ஒன்று போட்டார். வெளியூரில் ஒரு கம்பெனி செய்து கொடுத்தது. கறுப்புத் துணி, பட்டனை அழுத்தினால் படக்கென்று விரியும். விளிம்பைச் சுற்றி மஞ்சள் எழுத்தில் 'ஆவுடையப்பன் குடை' என்று அச்சடித்திருக்கும். முதல் குடை கைக்கு வந்த அன்று அதைக் கடைக்குள்ளேயே விரித்துப் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார். தன் பெயர் தன் தலைக்கு மேலேயே நிற்பதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது.

பெயர் நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? அதற்கு அவருடைய மருமகன் ஒரு வழி சொன்னார். குடை வாங்குகிறவர்கள் கடையில் நின்றபடியே போனை எடுத்து, கடையின் இணையப் பக்கத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டு, குடையைப் பற்றி இரண்டு வரி நல்லதாக எழுதவேண்டும். எழுதினால் ஒரு டிபன் டப்பா இனாம்.

யோசனை தீயாய்ப் பிடித்துக்கொண்டது. வெயில் மண்டையைப் பிளந்த வைகாசியில் கடை வாசலில் கூட்டம் நின்றது. எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள், தெரியாதவர்களுக்குக் கடையில் வேலை செய்யும் பெண்கள் எழுதிக் கொடுத்தார்கள். டப்பாவை வாங்கிக்கொண்டு குடையை மறந்துவிட்டுப் போனவர்களும் உண்டு. ராத்திரி படுக்கப் போகும்போதும் ஆவுடையப்பன் போனைப் பார்த்துவிட்டுத்தான் படுத்தார், காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் அதைத்தான் பார்த்தார்.

இப்போது அந்தப் போனைத்தான் அம்மாவுக்கு நேரே நீட்டினார். கூடவே ஒரு புதுக் குடையும், ஒரு டப்பாவும் கொண்டுவந்திருந்தார்.

"ஊரே எழுதியிருக்கும்மா. வாசிக்கட்டுமா?"

"வாசிங்க அண்ணாச்சி. கேக்கத்தான உக்காந்திருக்கேன்."

ஆவுடையப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தேவாரம் பாடப்போகிறவர் போல நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தார். உறுதியான கம்பி. அருமையான துணி. என் வாழ்நாளில் இப்படி ஒரு குடை பார்த்ததில்லை. ஒவ்வொன்றையும் வாசித்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். உலகம்மையும் கச்சேரி கேட்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"இதைக் கேளுங்க. 'பேய் மழையிலும் ஒரு சொட்டு இறங்கவில்லை. காற்றுக்கும் அசையவில்லை.' எப்படி எழுதியிருக்காவ, பாத்தீயளா?"

"நல்லா எழுதியிருக்காவ. எந்த ஊருக்காரரு?"

"நம்ம எதுத்த கடை குத்தாலம்தாம்மா. பாத்திரக்கடை."

"தென்காசியில எப்ப மழை பேஞ்சுது, அண்ணாச்சி?"

ஆவுடையப்பன், பாத்திரக்கடைக் குற்றாலம் வேறெங்காவது போன இடத்தில் மழை பெய்திருக்கும் என்றார். பாத்திரக்கடைக்காரர் வைகாசி பிறந்ததிலிருந்து கல்லாவை விட்டு எழுந்ததில்லை என்பது அவருக்கும் தெரியும். அடுத்ததற்குத் தாவிவிட்டார்.

ஒரே ஒரு கருத்துதான் அவரைக் கொஞ்ச நாள் தூங்கவிடாமல் செய்தது. அதையும் மறைக்காமல் சொன்னார். சண்முகவடிவு என்று ஒரு டீச்சர், ஒரு நட்சத்திரம் மட்டும் போட்டு, குடை மகா மட்டம் என்று எழுதிவிட்டார். விசாரித்ததில், அவர் வந்த அன்று டப்பா தீர்ந்துபோயிருந்தது தெரிந்தது. ஆவுடையப்பன் மறுநாளே வீடு தேடிப் போய் டப்பாவைக் கொடுத்துவிட்டு வந்தார். அவர் வீடு திரும்புவதற்குள் அந்த ஒன்று ஐந்தாகிவிட்டது. குடை மகா மட்டம் என்பது மகா உசத்தி என்று மாறிவிட்டது.

"குடையை மாத்திக் கொடுத்தீயளா?" என்று உலகம்மை கேட்டார்.

"குடையை எதுக்கும்மா மாத்தணும்? அது கவர்கூடப் பிரிக்காம அப்படியே இருந்துது."

உலகம்மை வாய்விட்டுச் சிரித்தார். ஆவுடையப்பனும் சேர்ந்து சிரித்தார். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை, இருந்தாலும் அம்மா சிரிக்கும்போது சும்மா இருக்க முடியாது.

பிறகு விஷயத்துக்கு வந்தார். குடைக் கம்பெனியின் ஏஜென்ட் கம்பெனி ஊரில் லாரியோடு காத்துக்கொண்டிருக்கிறார். சாயங்காலத்துக்குள் சரி என்று சொன்னால், இந்தச் சீசனுக்கு ஒரு லாரி குடை வந்துவிடும். செங்கோட்டை, கடையநல்லூர், சுரண்டை, எல்லா ஊர்க் கடைகளிலும் ஆவுடையப்பன் குடை தொங்கும். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், பிள்ளைகள் எல்லாம் அதைத்தான் பிடித்துக்கொண்டு போவார்கள். சொல்லும்போதே அவருக்கு மூச்சு வாங்கியது. கேள்வியைக் கடைசியில்தான் கேட்டார்.

"இத்தனை பேரு நல்லாருக்குன்னு சொன்னா, அது நல்ல சாமான்தானம்மா?"

உலகம்மை டப்பாவைப் பார்த்து, "எனக்கு அது கிடையாதா?" என்று கேட்டார்.

ஆவுடையப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவே எழுதப் போகிறாரா? அவசர அவசரமாக டப்பாவை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார். அம்மா சொல்லச் சொல்லத் தானே எழுதிக்கொள்வதாகச் சொல்லிப் போனைப் பிடித்துக்கொண்டார். அம்மாவின் வாயிலிருந்து வருகிற வார்த்தையைப் பெரிதாக அச்சடித்துக் கடை வாசலில் மாட்டிவிடலாம் என்று அதற்குள் மனசு ஓடிவிட்டது.

உலகம்மை டப்பாவைத் திறந்தார், மூடினார். உள்ளே போய்த் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்து, ஆவுடையப்பனின் தலைக்கு மேலேயே கவிழ்த்துக் குலுக்கிப் பார்த்தார். ஆவுடையப்பன் பயந்து குனிந்தார். ஒரு சொட்டு விழவில்லை.

"எழுதிக்கிடுங்க. மூடி நல்ல இறுக்கம். கவுத்தாலும் கசியல. ரசம் கொண்டுபோகலாம். அஞ்சு நட்சத்திரம்."

பாதி எழுதிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"அம்மா, குடையைப் பத்தில்லா எழுதணும்?"

"குடையை நான் எங்க பிடிச்சேன் அண்ணாச்சி? டப்பாதான கையில இருக்கு."

அவருக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. ஊரெல்லாம் புகழ்கிற பொருளைத் தன் குருவே இப்படிக் கேலி செய்கிறாரே என்று சுருக்கென்றது. ஆனாலும் வியாபாரி வியாபாரிதான். ஐந்து நட்சத்திரத்தை எதற்கு விடவேண்டும் என்று அப்படியே பதிந்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் காற்று திரும்பியது.

செங்கோட்டைக் கணவாய் பக்கமிருந்து ஒரு வீச்சு வந்து கூடத்துக் கதவைப் படாரென்று அடித்தது. வெயில் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. ஆற்றங்கரையில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். கூரையில் முதலில் நாலைந்து துளி, பிறகு எண்ண முடியாத துளி, பிறகு ஒரே இரைச்சல். முற்றத்து மண் மணந்தது.

தென்காசிக்காரனுக்குச் சீசனின் முதல் மழை என்றால் அது மழை மட்டுமில்லை. அருவியில் தண்ணீர் விழும், வெளியூர்க் கார்கள் வரும், கடைத்தெரு கல்யாண வீடாகிவிடும். குடைக்காரனுக்கோ கேட்கவே வேண்டாம். "வந்துட்டும்மா, வந்துட்டு" என்று சொல்லிக்கொண்டே ஆவுடையப்பன் குடையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார். போனைப் பாயிலேயே போட்டுவிட்டார். நட்டநடு முற்றத்தில் நின்று முகத்தை வானத்துக்குக் காட்டினார். சட்டை உடம்போடு ஒட்டியது, நரைமுடி நெற்றியில் வழிந்தது. ஒற்றைக் கையைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். பேரன் பேத்தி எடுத்தவர் அப்படிச் சுற்றுவதைக் கடைப் பெண்கள் பார்த்திருந்தால் மறுநாள் ஊரெல்லாம் அதுதான் பேச்சு.

தூணில் சாய்ந்து நின்ற உலகம்மையின் முகமும் மலர்ந்திருந்தது. அவருக்கும் மழை பிடிக்கும். கொஞ்ச நேரம் சீடரை ஆடவிட்டுவிட்டுத்தான் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, கக்கத்துல என்ன?"

"குடைம்மா."

"எதுக்குத் துண்டைச் சுத்தி வச்சிருக்கீய?"

"நனைஞ்சிரக் கூடாதுல்லா..."

சொல்லி முடிக்கவில்லை. தூக்கிய கை தானாகக் கீழே இறங்கியது. இன்னொரு கை குடையைக் கக்கத்தில் இறுக்கிப் பிடித்திருந்ததை அப்போதுதான் அவரே பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எப்போது எடுத்தோம், எப்போது குடைக்குச் சுற்றினோம் என்று அவருக்கு நினைவில்லை. உடம்பில் உலர்ந்த இடம் என்று ஒன்று இருந்ததென்றால் அது அந்தக் கக்கம்தான்.

கூடத்தில் போன் அடித்தது. உலகம்மை எடுத்துக்கொண்டுவந்து தாழ்வார ஓரத்தில் நீட்டினார். ஏஜென்ட்தான். கம்பெனி ஊரிலும் மழை பிடித்துவிட்டதாம், நாலு கடைக்காரர்கள் கேட்டுக்கொண்டு நிற்கிறார்களாம், அண்ணாச்சி ஒரு வார்த்தை சொன்னால் உடனே ஏற்றிவிடலாமாம். குரலில் அவ்வளவு உற்சாகம். அரைமணி நேரத்துக்கு முன்னால் என்றால் ஆவுடையப்பன் அவர் பேசி முடிக்கும்வரைகூடக் காத்திருக்கமாட்டார்.

"லைன்லயே இருங்க, ஒரு நிமிஷம்" என்றார்.

அவருக்குப் பயமாக இருந்தது. சுரண்டை பஸ் ஸ்டாண்டு கண்ணில் வந்தது. புத்தகப் பையோடு நிற்கிற பிள்ளைகள், ஒவ்வொரு தலைக்கு மேலேயும் மஞ்சள் எழுத்தில் அவர் பெயர். அந்தப் பெயருக்குள்ளேயிருந்து தண்ணீர் இறங்கினால் என்ன ஆகும்? ஒழுகாமலும் இருக்கலாம். நல்ல குடையாகவே இருக்கலாம். அதுதான் அவரை வதைத்தது. இத்தனை பேர் எழுதியும், அத்தனையையும் திரும்பத் திரும்ப வாசித்தும், தன் பெயர் போட்ட குடை எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியவில்லை.

போனை உலகம்மையிடமே கொடுத்துவிட்டு, துண்டை மெல்ல அவிழ்த்தார். குடையை மேலே தூக்கிப் பிடித்தார். கட்டைவிரல் பட்டன்மேல் போய் நின்றது. நின்றதுதான், அழுத்த வரவில்லை. மழை அவர்மேல் கொட்டிக்கொண்டேயிருந்தது. போனுக்குள்ளிருந்து, "அண்ணாச்சி, என்ன சொல்லுதீய? ஏத்திரவா?" என்று ஏஜென்ட் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆவுடையப்பன் குருவைப் பார்த்தார்.

"அம்மா, ஒழுகிட்டுன்னா?"

"ஒழுகட்டுமே அண்ணாச்சி. இன்னைக்கு நனையுதது ஒரு தலைதான்."