மூன்று கால் கட்டில்

மருதமரத்தடிப் பொந்தில் வேலம்மா என்றொரு முள்ளம்பன்றியும் அவள் புருஷன் சூலப்பனும் குடியிருந்தார்கள். வேலம்மாவுக்கு நிறைமாதம். மழையோ இன்றைக்கோ நாளைக்கோ என்று மலை உச்சியில் கறுத்து நின்றது.

பொந்து பெரிதுதான். ஆனால் காலை நீட்ட இடமில்லை! சூலப்பனுக்கு ஒரு வியாதி உண்டு. வழியில் எது கிடந்தாலும் விட்டுவிட்டு வர அவனுக்கு மனசு வராது. அடி இல்லாத வாளி, கம்பி மட்டும் மிஞ்சிய குடை, பாதி டயர் என்று உருட்டிக்கொண்டு வந்துவிடுவான். எல்லாவற்றுக்கும் தலையாக ஒரு மூன்று கால் கட்டில். மரம் வெட்ட வந்த ஆட்கள் கூடாரத்தைக் காலி செய்தபோது போட்டுவிட்டுப் போனது அது.

"இது எதுக்குங்க நமக்கு?" என்று வேலம்மா கேட்பாள்.

"கிடக்கட்டும் புள்ள! ஒரு நாளைக்கு ஆகும்!" என்பான் சூலப்பன்.

அந்த ஒரு நாள் நாலு வருஷமாக வரவில்லை. கட்டில்மேல் வாளி ஏறியது, வாளிமேல் டயர் ஏறியது. கட்டில் எப்படி இருந்தது என்பதே சூலப்பனுக்கு மறந்துபோயிற்று. பல் தினவெடுத்தால் வேலம்மாதான் அதன் காலைக் கொறிப்பாள். அந்த மட்டுக்கு அது பயன்பட்டது.

இதெல்லாம் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் மழைக்காலத்தில் அந்தப் பொந்து முழுக்கத் தண்ணீர் கசியும். கசியாத இடம் ஒன்றே ஒன்று, உள்ளே இருக்கிற மேட்டு மூலை. அந்த மூலையைத்தான் கட்டில் அடைத்துக்கொண்டிருந்தது. போன மழையில் வேலம்மா ஈன்ற குட்டி ஈரத்திலேயே கிடந்தது. மூன்றாம் நாள் அது கண்ணை மூடிவிட்டது. "நமக்குக் கொடுத்து வைக்கலை" என்றான் சூலப்பன்.  வேலம்மாவோ அன்றைக்கே மனசில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாள்: 'அடுத்த குட்டி அந்த மூலையில்தான் பிறக்கும். என்ன ஆனாலும் சரி!'

இந்த முறை நாள் நெருங்கியிருந்தபோதுதான் மரங்கொத்தி கிளைக்குக் கிளை தாவித் தண்டோரா போட்டது.

"டொக்! டொக்! டொக்! காட்டுச் சனங்களே! நாளை உச்சிப்பொழுதுக்கு யானை அண்ணாச்சி வர்றார்! தூக்க முடியாத பழைய சாமான் இருந்தால் தடத்தோரம் கொண்டுவந்து வையுங்க! மழைக்கு முன்னே இதுதான் கடைசி நடை! டொக்! டொக்!"

அந்தக் காட்டு வழக்கம் அப்படி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை யானை பெரிய மூங்கில் தட்டியை இழுத்துக்கொண்டு வரும். ஓரத்தில் கிடப்பதை அதில் ஏற்றி, மலைக்கு அந்தப் பக்கம் கறையான் பள்ளத்தில் கொண்டுபோய்ப் போடும். ஆனால் ஒரு கட்டுப்பாடு. ஒருமுறை கரடி தன் பெண்டாட்டியைக் கேட்காமல் படுக்கையைத் தூக்கிக் கொடுத்துவிட, அந்த அம்மாள் மூன்று மாதம் காடே அதிர அழுதாள். அன்றிலிருந்து யானை மூன்று தரம் கேட்கும். புருஷன், பெண்டாட்டி இருவரும் "போகட்டும்" என்று சொன்னால்தான் எடுக்கும். இதுவரை நடை வந்தபோதெல்லாம் வேலம்மா "போகட்டும்" என்றாள், சூலப்பன் "கிடக்கட்டும்" என்றான். கட்டிலும் கிடந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் சூலப்பன் ஓடைக்குக் கிளம்பினான். பிள்ளைப்பேற்றுக்கென்று வேலம்மா சேர்த்து வைத்திருந்த ஏழு வள்ளிக்கிழங்கையும் கழுவிக்கொண்டு வருவதாகச் சொல்லி மூட்டை கட்டிக்கொண்டான்.

அவன் தலை மறைந்ததோ இல்லையோ, வேலம்மா மேலே கிடந்த வாளியையும் டயரையும் கீழே தள்ளிவிட்டுக் கட்டிலை இழுக்க ஆரம்பித்தாள். 'முதலில் வெளியே போகட்டும். வெளியே போய்விட்டால் பாதி போன மாதிரி. நாலு பேர் பார்க்க அதை உள்ளே தூக்கிவர இவருக்கே கூச்சமாக இருக்கும்' என்று கணக்குப் போட்டாள். ஒரு முழம் இழுத்தாள், மூச்சு வாங்கினாள். இன்னொரு முழம் இழுத்தாள், உட்கார்ந்தாள். வயிற்றில் குட்டி உதைத்தது. "இரு கண்ணு, உனக்காகத்தான்!" என்று மறுபடி இழுத்தாள். ஒருவழியாகத் தடத்தோரம் சேர்த்துவிட்டு, உள்ளே போய்க் கொஞ்சம் சாய்ந்தாள்.

எழுந்து வந்து பார்த்தால் கட்டிலைக் காணோம்!

"யாரோ வேணுங்கிறவங்க எடுத்துட்டாங்க போல. நல்லா இருக்கட்டும்!" என்று வேலம்மாவுக்கு வாயெல்லாம் பல். மேட்டு மூலையைக் கூட்டினாள். காய்ந்த புல்லைக் கொண்டுவந்து மெத்தென்று பரப்பினாள். நாலு வருஷத்தில் முதன்முறையாக அந்த இடத்தில் அவள் புரண்டு படுத்தாள். என்ன சுகம்!

"ஏ புள்ள! வந்து பாரு! அதிர்ஷ்டம் கதவைத் தட்டுது!" என்று வாசலில் குரல் கேட்டது.

சூலப்பன் வியர்க்க விறுவிறுக்க ஒரு கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தான். செம்மண் பூசிய கட்டில். நாலு கால் இருந்தது.

"சம்பு நரி கொடுத்தான். புதுக் கட்டில்! 'மாப்ளே, உனக்குன்னா தர்றேன், வேற எவனுக்கும் தரமாட்டேன்'னான். எவ்வளவு பெரிய மனசு!"

"சும்மாவா கொடுத்தான்?" என்றாள் வேலம்மா.

சூலப்பன் மூக்கைச் சொறிந்தான். "ஏழு கிழங்குதான்..."

வேலம்மாவுக்குத் திக்கென்றது. கட்டிலைச் சுற்றி வந்தாள். ஒரு காலைத் தொட்டாள். அது கொடியால் கட்டிய பச்சைக் கிளை, ஆடியது. இன்னொரு காலில் இருந்த செம்மண்ணைச் சுரண்டினாள். உள்ளே வரிவரியாகப் பல் தடம்.

"இது யார் பல்லுன்னு தெரியுதா?"

"யாரோ கொறிச்சிருக்காங்க..."

"நான்தான்யா கொறிச்சேன்! இது நம்ம கட்டில்! காலையில நான் ஓரத்துல வச்சேன், அந்த எடுபட்ட பய தூக்கிட்டுப் போய்ச் செம்மண்ணைப் பூசி உங்க தலையிலேயே கட்டிட்டான்! நாலு வருஷம் வீட்டுல வச்சிருந்தீங்களே, ஒரு நாளாவது அதை ஏறெடுத்துப் பார்த்திருந்தா அடையாளம் தெரிஞ்சிருக்காதா?"

சூலப்பன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து பார்த்தான். முகம் சுண்டிவிட்டது. சரி, இனியாவது தொலையட்டும் என்று சொல்வான் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை!

"அப்படின்னா இதை விடவே கூடாது! முன்னேயாவது சும்மா வந்தது. இப்ப ஏழு கிழங்கு கொடுத்து வாங்கியிருக்கேன்!" என்று கட்டிலை உள்ளே தள்ளினான்.

வேலம்மா இந்தப் பக்கம் இழுத்தாள். அவன் அந்தப் பக்கம் இழுத்தான். பச்சைக் கிளைக் கால் படக்கென்று முறிந்தது. கட்டில் மறுபடி மூன்று காலில் நொண்டியது. அந்தச் சமயத்தில் தூரத்தில் மூங்கில் தட்டி தரையில் உரசும் சத்தம் கேட்டது. உச்சிப்பொழுது ஆகிவிட்டது!

வேலம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தாள். கட்டில் தடத்தோரம் போய் நின்றது. அங்கே புதர் மறைவில் சம்பு நரி காத்துக்கொண்டிருந்தது.

"என்ன தங்கச்சி, வேண்டாமா? நான் வேணும்னா..." என்று வாலை ஆட்டிக்கொண்டு கிட்டே வந்தது.

வேலம்மா முதுகைத் திருப்பினாள். முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது. "கை வை பார்ப்போம்!"

நரி நாலடி பின்னால் குதித்தது.

யானை வந்து நின்றது. "வேலம்மா, சௌக்கியமா? இந்தக் கட்டில் போகட்டுமா?"

"போகட்டும், அண்ணாச்சி!"

"கூடாது!" என்று கத்தினான் சூலப்பன்.

யானை பெருமூச்சு விட்டது. "இரண்டாம் தரம் கேட்கிறேன். போகட்டுமா?"

"போகட்டும்!"

"முடியாது! ஏழு கிழங்கு!"

ஒரு துளி மழை யானையின் காதில் விழுந்தது. வேலம்மா வானத்தைப் பார்த்தாள். பொந்தைப் பார்த்தாள். பிறகு கனத்த வயிற்றோடு மெல்ல மெல்லக் கட்டில்மேல் ஏறி நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏ புள்ள! என்ன பண்றே? இறங்கு!"

"இறங்கமாட்டேன். அண்ணாச்சி, இது வீட்டுக்குள்ள போனா எனக்கு அங்க இடமில்லை. அதனால இதோட என்னையும் ஏத்திக்கிட்டுப் போங்க. கறையான் பள்ளமா இருந்தாலும் ஈரமில்லாத இடமா ஒண்ணு கிடைக்காமலா போகும்?"

"விளையாடாதே, வேலம்மா!" என்றான் சூலப்பன்.

"நான் விளையாடலை. போன குட்டிக்கு அந்த மூலையைத்தான் கேட்டேன். 'அடுத்த நடைக்குப் பார்க்கலாம்'னீங்க. அது மூணு நாள் நடுங்கிச்சு. நான் மேல படுத்து மூடிப் பார்த்தேன், சூடு ஏறலை. இந்தக் குட்டியையும் நான் அப்படிப் பார்க்கமாட்டேன். உங்களுக்குக் கட்டில்தான் வேணும்னா சொல்லிடுங்க, நான் வேற இடம் பார்த்துக்கிறேன்."

   நரிகூடக் காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது.

யானை துதிக்கையைக் கட்டிலுக்கு அடியில் கொடுத்தது. வேலம்மாவோடு சேர்த்துக் கட்டில் மெல்ல மேலே எழும்பியது.

"மூன்றாம் தரம் கேட்கிறேன், சூலப்பா. போகட்டுமா?"

அண்ணாந்து பார்த்தான் சூலப்பன். கட்டில் விளிம்பில் வேலம்மாவின் முகம் தெரிந்தது. அவள் கெஞ்சவில்லை, அழவில்லை. அவன் பதிலுக்குக் காத்திருந்தாள், அவ்வளவுதான்.

"போகட்டும்!" என்று அலறினான் சூலப்பன். "கட்டில் போகட்டும்! அவளை இறக்கி விடுங்க அண்ணாச்சி! கட்டில் போகட்டும், போகட்டும், போகட்டும்!"

ஒரு தரம் சொன்னால் போதும். அவனோ ஐந்து தரம் சொன்னான்!

யானை கட்டிலைத் தரையில் வைத்தது. சூலப்பனே ஓடிவந்து அவளைக் கைத்தாங்கலாக இறக்கினான். பிறகு பொந்துக்குள் ஓடினான். டயரை உருட்டிக்கொண்டு வந்தான், "போகட்டும்!" வாளியைத் தள்ளிக்கொண்டு வந்தான், "போகட்டும்!" குடைக் கம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தவன் மட்டும் கொஞ்சம் தயங்கினான். "மழை வருதே, புள்ள..."

வேலம்மா ஒரு பார்வை பார்த்தாள்.

"போகட்டும்!" என்றான்.

அன்று மாலை மழை கொட்டியது. பொந்தெல்லாம் தண்ணீர் கசிந்தது. மேட்டு மூலையில் மட்டும் புல் மெத்தை காய்ந்திருந்தது. அதில் வேலம்மாவுக்கு இரண்டு குட்டிகள் பிறந்தன. இரண்டும் கொழுகொழுவென்று, சூடாக இருந்தன. நாலாம் நாளும் அவை பால் குடித்தன. அன்றைக்குத்தான் வேலம்மா மனசு விட்டு அழுதாள்.

கிழங்குகளை நரி அன்றே தின்று ஏப்பம் விட்டுவிட்டது. அதனால் சூலப்பன் கொட்டும் மழையில் நனைந்து நனைந்து வேறு ஏழு கிழங்கு தோண்டிக்கொண்டு வந்தான். மழை விட்டதும் நரி ஒரு கால் இல்லாத முக்காலியோடு வாசலுக்கு வந்தது. "மாப்ளே! உனக்குன்னா தர்றேன்..." என்று ஆரம்பித்தது. சூலப்பன் முதுகைத் திருப்பி முள்ளைச் சிலிர்த்தான். போன நரி போனதுதான்!

வேண்டாத சாமானை மனசார வெளியே விடுகிற வீட்டில்தான் வேண்டிய உயிர்களுக்கு உள்ளே இடம் இருக்கும்.