தளவாய் விழுந்து எழுந்த கரை

வெகு காலத்துக்கு முன்னே, அக்கரை தெரியாத ஏரி ஒன்றின் ஓரத்தில் அதிவீரகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். அவர் சீமைக்குப் பெயரே கிடையாது. பக்கத்து நாட்டுத் தூதன் ஒருநாள் "ஏரிக்கரை ராஜாவே" என்று அழைத்துவிட்டான். அன்று ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"தங்கள் பெயரையே சூட்டிவிடலாம் பிரபு. அதிவீரகேசரிபுரம்" என்ற தளவாய் மகுடேசர், சொன்ன கையோடு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். ராஜாவின் பெயரை உச்சரிப்பவர் விழ வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்ததே அவர்தான்.

மந்திரி நல்லாதனார் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அந்தப் பெயர் புழக்கத்துக்கு ஆகாது பிரபு."

"மந்திரியாருக்கு வயிறு எரிகிறது" என்றார் மகுடேசர்.

"நாளைக் காலையில் நிரூபியும். முடியாவிட்டால் ஏரியைத் தாண்டிப் போய்விடும், திரும்ப வேண்டாம்" என்றார் ராஜா.

நல்லாதனார் வீட்டுக்கு நடந்தார். உண்மையைத்தான் சொன்னோமா, தளவாய் மேலுள்ள கடுப்பைச் சொன்னோமா? அவருக்கே விளங்கவில்லை. ஏரிப்பக்கம் பனி இறங்குவதைப் பார்த்ததும் ஒரு வழி தோன்றியது.

மூடுபனியில் படகுக்காரர்கள் "எந்தக் கரை?" என்று கூவுவார்கள். கரையில் இருப்பவர் இடத்தின் பெயரைச் சொல்லி இடைவிடாமல் குரல் கொடுக்க வேண்டும். குரல் வரும் திசையில்தான் துடுப்பு விழும்.

விடிந்ததும் ராஜாவைப் படகில் ஏற்றிக்கொண்டார். "கரையில் நின்று புதுப் பெயரை முதலில் கூவும் பெருமை தளவாய்க்கே" என்றார். மகுடேசருக்குத் தலைகால் புரியவில்லை.

பனிக்குள் போனதும் ராஜா கூவினார். "எந்தக் கரை?"

"அதிவீரகேசரி..." பாதியிலேயே தொப்பென்று ஒரு சத்தம். பிறகு மௌனம்.

"எங்கே போனான்?"

"சட்டப்படி சேற்றில் கிடக்கிறார் பிரபு."

மறுபடி கூவினார்கள். மறுபடி தொப். குரலைத் தொலைத்த படகு கலிங்குப் பக்கம் இழுபட்டது. ஏரி நிரம்பி வழிந்து விழும் இரைச்சல் நெருங்கியது. இத்தனை அருகே வருமென்று நல்லாதனார் கணக்குப் போடவில்லை.

கரையில் மகுடேசருக்கும் அந்த இரைச்சல் கேட்டது. சட்டமாவது ஒன்றாவது என்று எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினார்: "இதோ கரை! இதோ கரை! இதோ கரை!"

படகு அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தது. தலைமுதல் கால்வரை சேறாக நின்ற தளவாயை ராஜா ஏற இறங்கப் பார்த்தார்.

"என் பெயரைச் சொன்னபோது விழுந்தீர். இதைச் சொன்னபோது நின்றீர். குடிகள் நின்றுகொண்டு சொல்லும் பெயரே நாட்டுக்கு இருக்கட்டும். இனி இது இதோகரை."

விழும் சட்டம் அன்றே ஒழிந்தது. தம் கழுத்து முத்துமாலையை நல்லாதனாருக்குப் போட்டார் ராஜா. பனிக்காலம் முழுவதும் கரையில் நின்று கூவும் வேலை மகுடேசருக்கு.

"குரல் நல்ல குரல் பிரபு" என்றார் நல்லாதனார். "இத்தனை நாளும் தரையைப் பார்த்தே பேசிவிட்டார்."