சீட்டில் இருந்த செவ்வாழை

இது நான் நேரில் பார்த்ததல்ல. தூத்துக்குடியில் ஜெசிந்தாவின் கம்ப்யூட்டர் வகுப்பில் படித்த என் அறைத்தோழி சொன்னது.

ஜெசிந்தாவுக்கு முப்பது வயது. அவளுடைய மாணவர் பேச்சிமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு. அரிய வகை ரத்தம் கொடுக்கிற நாற்பத்தொரு பேரின் எண்கள் அவரிடம்தான் இருந்தன. ஆஸ்பத்திரிகள் அவரைத்தான் கூப்பிடும். அந்தப் பட்டியலைத் திறக்கும் பாஸ்வேர்டை ஃபோனில், பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கிற ஒரு பாஸ்வேர்டு மேனேஜர் செயலிக்குள் வைத்திருந்தார்.

"டீச்சர், இதைவிட நல்ல மேனேஜர் இருக்கா?"

"ஃபோனைக் குடுங்கண்ணே."

வாங்கினாள். அணைத்தாள். மறுபடி போட்டுக் கொடுத்தாள்.

"இப்பத் திறங்க."

விரலை வைத்தார். மேனேஜர் விரலை ஏற்கவில்லை. முதன்மைப் பாஸ்வேர்டைக் கேட்டது.

"என்ன டீச்சர் பண்ணீங்க?"

"அணைச்சேன். சார்ஜ் தீர்ந்தாலும் இதேதான்."

பேச்சிமுத்து சிரித்தார். "நாம யாரு! நகல் இருக்குல்ல." முதன்மைப் பாஸ்வேர்டை எழுதி வைத்த சீட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். அழகான தமிழ்க் கையெழுத்து: செவ்வாழைத்தாரு.

ஆங்கில எழுத்தில் அடித்தார். தவறு என்றது. ஒரு 'ஏ' சேர்த்தார். தவறு. முதலெழுத்தை 'எஸ்'ஸிலிருந்து 'சி'க்கு மாற்றினார். தவறு. 'ழ'வுக்கு இசட் போட்டார், பிறகு இசட்டும் ஹெச்சும் போட்டார். ஏழு மாதமாக விரலையே வைத்துப் பழகியதில், அன்று எப்படி அடித்தோம் என்பது அடியோடு மறந்திருந்தது.

ஒன்பதாவது தவறுக்கு அவர் முகம் வெளுத்துவிட்டது.

"நாற்பத்தொரு பேரு டீச்சர். இப்ப ஒரு பிரசவக் கேஸு வந்தா நான் யார்கிட்டப் போவேன்?"

பின்வரிசையில் ஒரு பெண், "ஐயோ, என் சீட்டும் தமிழ்லதான்" என்றாள்.

"அடிக்காதீங்கண்ணே. வாயால சொல்லுங்க."

"செவ்வாளத்தாரு."

"இன்னொரு தடவை."

"செவ்வாள..." பாதியில் நின்றார். அவர் வாயில் 'ழ' இல்லை. எழுதும்போது மட்டும்தான் இருந்தது.

'ழ'வுக்குப் பதில் 'எல்' போட்டு அடித்தார். திறந்தது.

பட்டியல் அப்படியே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அப்ப எந்த மேனேஜர் நல்லது, டீச்சர்?"

"புதுச் சீட்டு எழுதுங்க. வேற ஒருத்தர் கையில குடுத்துட்டு, நீங்க வாயைத் திறக்காம பக்கத்துல உக்காருங்க. அவங்க திறந்துட்டா வாங்க, பேசுவோம்."

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று தோழிக்குத் தெரியவில்லை. அவளிடம் எண் வாங்கி, பேச்சிமுத்துவின் மனைவியிடமே ஃபோனில் கேட்டேன். மறுநாள் காலையே பேச்சிமுத்து ஆங்கில எழுத்தில் புதுச் சீட்டு எழுதி மனைவியிடம் நீட்டினாராம். மனைவியாலும் திறக்க முடியவில்லை. சீட்டில் இருந்தது சின்ன 'எல்' எழுத்தா, ஒன்று என்ற எண்ணா என்று தெரியவில்லையாம்.